தேக்காவின் காலங்கள் – 14: போத்தல்மேல் போட்ட பழி

சென்ற இதழில் ஃபேரர் பார்க் திடலில் குதிரைகள் ஓடிய காலத்தைப் பார்த்தோம். 1843இல் தொடங்கிய பந்தயம் 1933இல் புக்கித் தீமாவுக்குக் குடிபெயர்ந்தது. ரேஸ்கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இந்த இதழில் எண்பது ஆண்டுகளைத் தாண்டி அதே சாலைக்கு வருகிறோம். வரிசை மாறுகிறதே என்று வாசகர்கள் கோபிக்க வேண்டாம். கள்ளுக்கடைக் காலத்தைச் சொல்வதற்கு 2013இலிருந்து பின்னோக்கிப் போவதுதான் வசதி. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

ரேஸ்கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷியர் ரோடும் சந்திக்கும் முனையைத் தேக்கா பக்கம் வந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். தரைப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம் அங்கேதான். அதற்கு முன்னால் அந்த வளாகம் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையாக இருந்தது. 1966இல் அந்த ஒரே ஆஸ்பத்திரியில் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது தனிக்கதை. சிங்கப்பூரில் பாதிப் பேர் பிறந்த இடம் என்று பெரியவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்வார்கள். அந்த முனையில்தான் 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஒரு மனிதர் இறந்தார்.

அன்றைய ஞாயிற்றுக்கிழமைகளை நினைவில் கொண்டுவர வேண்டும். தீவின் மேற்கிலும் வடக்கிலும், ஜாலான் பாப்பான், துவாஸ், கிராஞ்சி, மண்டாய் என்று ஊர் ஓரத்தில் தங்கும் விடுதிகள். வாரத்தில் ஆறு நாள் கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை. ஏழாம் நாள் லிட்டில் இந்தியா, அதாவது நம் தேக்கா. ஊருக்குப் பணம் அனுப்பவும், ஃபோன் கார்டு வாங்கவும், வாழையிலைச் சாப்பாடு சாப்பிடவும், பக்கத்து ஊர்க்காரனைப் பார்த்து அவன் வீட்டுச் சேதி கேட்கவும் இதைவிட்டால் வேறு இடம் இல்லை. சில ஞாயிறுகளில் ஒரு லட்சம் பேர் வரை கூடுவார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. ஒரு சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் பரப்பில் லட்சம் பேர்! உட்கார நாற்காலி கிடையாது. புல்தரை, படிக்கட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம், கால்வாய் ஓரம், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். நடுவில் முறுக்கும் வறுத்த கடலையும், பிளாஸ்டிக் பையில் நாலைந்து பீர் டின்னும், ஆள் அதிகமென்றால் ஒரு முழு போத்தலும் இருக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் தனியார் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு அவர்களை விடுதிகளுக்கு ஏற்றிப்போகும். கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் காசு வாங்கவும் ஒவ்வொரு பேருந்துக்கும் ஓர் உதவியாளர் இருப்பார்.

அன்றிரவு ஜாலான் பாப்பான் விடுதிக்குப் புறப்பட இருந்த பேருந்தில் தமிழகத்துக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் ஏறினார். வயது 33. நல்ல போதை. உள்ளே கால்சட்டையைக் கழற்றும் அளவுக்குப் போனதால் பெண் உதவியாளர் அவரை இறங்கச் சொன்னார். இறங்கினார். பேருந்து நகர்ந்தபோது அதை ஒட்டியே தள்ளாடி நடந்தவர் தடுமாறி, இடப்பக்கப் பின்சக்கரத்தின் அடியில் விழுந்தார். அவருடைய 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 217 மில்லிகிராம் மது இருந்தது. வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் விட்டிருக்கும் 80 மில்லிகிராம் வரம்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மரண விசாரணையில் இது விபத்து என்றே முடிவானது. ஓட்டுநர்மேல் குற்றம் இல்லை.

ஆனால் தெருவில் நின்றவர்களுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு தெரிய வழியில்லை. அவர்கள் கண்டது வேறு. தங்களில் ஒருவன் சக்கரத்தின் அடியில் கிடக்கிறான். குடிமைத் தற்காப்புப் படையினர் வருகிறார்கள், போலிஸ் வருகிறது. உடலை வெளியே எடுக்க நேரம் ஆகிறது. ஓட்டுநரையும் அந்தப் பெண்ணையும் கூட்டம் தாக்கப் பார்க்க, சீருடைக்காரர்கள் அவர்களைச் சுற்றி அரண்போல நிற்கிறார்கள். உயிரோடு இருப்பவரைக் காப்பாற்றுவது அவர்கள் கடமைதான். தூரத்திலிருந்து பார்த்தவனுக்கோ, நம்ம ஆளைப் போட்டுவிட்டுக் கொன்றவர்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று பட்டது. அடியில் கிடப்பவனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, சும்மா விட்டுவிட்டார்கள் என்றும் பேச்சுப் பரவியது. வடிகாலின் இரும்பு மூடி, கான்கிரீட் துண்டு, பீர் போத்தல், கைக்கு என்ன கிடைத்ததோ அது பறந்தது. போலிஸ் கார்கள் கவிழ்க்கப்பட்டன. ஓர் ஆம்புலன்ஸ் எரிந்தது. ஐந்து வாகனங்கள் தீயில் போயின, இருபதுக்கும் மேல் சேதமாயின. அதிகாரிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சிறப்பு நடவடிக்கைப் படை வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பதினொன்றரைக்கெல்லாம் எல்லாம் அடங்கிவிட்டது. போலிஸ் தரப்பில் ஒரு தோட்டா கூடச் சுடப்படவில்லை. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட முதல் பெரிய கலவரம் இது.

இரண்டு விஷயங்களை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கலவரக்காரர்களின் கோபம் பேருந்தின்மேலும் சீருடையின்மேலும்தான் இருந்தது. அந்தச் சாலையில் நகைக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் பஞ்சமில்லை. கடையை உடைத்துக் கொள்ளையடித்த கதையாக அது மாறவில்லை. இரண்டாவது, தடுத்தவர்களும் அதே கூட்டத்தில்தான் இருந்தார்கள். கல்லெறிபவர்களின் முன்னால் கைகளை விரித்து நின்று போ, போ என்று விரட்டிய ஒரு தொழிலாளியின் காணொளி அப்போது பரவலாகச் சுற்றியது. அவரும் அன்று ஒரு மிடறு குடித்திருக்கலாம், குடிக்காமலும் இருந்திருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை.

அடுத்த சில நாள்களில் போலிஸ் விடுதி விடுதியாகப் போய் ஆயிரக்கணக்கானவர்களை விசாரித்தது. கடைசியில் 25 இந்தியர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இன்னும் 57 பேர் வழக்கே இல்லாமல் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பங்களாதேஷ்காரர், மற்ற எல்லாரும் இந்தியர்கள். கலைந்து போகச் சொன்னபோது கலையவில்லை என்பதே பலர்மேல் இருந்த குறை. கலவரத்தில் பங்குபெற்றாரா, வேடிக்கை பார்த்தாரா, பேருந்துக்குக் காத்திருந்தாரா என்று நீதிபதி முன்னால் வாதாட அவர்களுக்கு வாய்ப்பில்லை. வேலை அனுமதி ரத்தானால் நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடுகிறது, அவ்வளவுதான் சட்டம். இப்படி அனுப்பலாமா என்று வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்கும் அமைப்புகள் கேள்வி கேட்டன. அரசாங்கம், இது குடிநுழைவுச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்றது.

நீதிமன்றத்துக்குப் போனவர்களின் கதை வேறு மாதிரி. கலவரத்துக்குச் சிங்கப்பூரில் ஏழாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. கலைந்து போகும் உத்தரவை மீறினோம் என்று குறைக்கப்பட்ட குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டவர்களுக்குப் பதினைந்து வாரம் போலச் சில மாதங்களில் முடிந்தது. வாகனத்தைக் கவிழ்த்து எரித்தவர்களுக்கு இரண்டரை ஆண்டு, அதற்கு மேலும் போனது, பிரம்படியும் சேர்ந்தது. இந்தச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடி, அதில் ஒருவன் வன்முறையில் இறங்கினாலும் கூட்டத்தில் இருக்கும் எல்லாரும் கலவரக் குற்றவாளிகள். யார் கை எந்தக் கல்லை எறிந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

'நான் குடித்திருந்தேன் ஐயா' என்றால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தொகுப்பின் 85, 86ஆம் பிரிவுகள் இதைப் பேசுகின்றன. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் இந்தியாவில் சட்டமாகி, 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கொண்டுவரப்பட்ட அதே தொகுப்பின் வாரிசுதான் இது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் வேறு பெயரில் வேறு எண்களில் இருந்தாலும் சாரம் அதுவே. போதை ஒரு தற்காப்பு வாதம் ஆகாது. பிறர் வஞ்சகமாகவோ கவனக்குறைவாகவோ உன் சம்மதம் இல்லாமல் உன்னைக் குடிக்கவைத்திருக்க வேண்டும், அல்லது குடியால் உனக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். அந்த நிலையில் நீ என்ன செய்கிறாய் என்றோ, செய்வது தவறென்றோ உனக்குத் தெரியாமல் இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் தப்பலாம். ஒரு குறிப்பிட்ட எண்ணம் இருந்தால்தான் குற்றம் என்னும் வழக்குகளில் அந்த எண்ணம் உருவானதா என்று பார்க்க நீதிமன்றம் போதையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே. தண்டனையைக் குறைக்கவாவது உதவுமா என்றால் அதிலும் கதவு சாத்தியிருக்கிறது. டாக்சி ஓட்டுநர் ஒருவரைக் குடிபோதையில் அடித்த வழக்கில் 2008இல் உயர் நீதிமன்றம், தானாகக் குடித்ததைத் தண்டனையைக் கூட்டும் காரணமாகவே பார்த்தது. இதெல்லாம் புதிதும் இல்லை. கிரேக்கத் தீவான லெஸ்போஸில் பித்தகஸ் என்பவர் குடித்துவிட்டுச் செய்யும் குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை என்று சட்டம் போட்டதை அரிஸ்டாட்டில் குறித்துவைத்திருக்கிறார்.

ஆக, நீதிமன்றத்தில் குடி செல்லாக்காசு. அங்கே நின்ற ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாளி. இந்தக் கறாரில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அன்றிரவு ஆம்புலன்ஸுக்குள் அடைபட்டிருந்த குடிமைத் தற்காப்புப் படைப் பெண்ணுக்குக் கல்லெறிபவனின் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்பது முக்கியமில்லை. சிக்கல் அடுத்த கட்டடத்தில் தொடங்குகிறது.

அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர், உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம். உடன் முன்னாள் போலிஸ் ஆணையர் டீ துவா பா, தொழிற்சங்கத்தின் ஜான் டி பாய்வா, ஆண்ட்ரூ சுவா. 2014 பிப்ரவரி 19இல் தொடங்கி மார்ச் இறுதிவரை வெளிப்படையாக விசாரணை நடந்தது. தொழிலாளர்கள், கடைக்காரர்கள், அதிகாரிகள், தொண்டு அமைப்பினர் எல்லாரும் சாட்சி சொன்னார்கள். பன்னீர் செல்வம் எளிதில் விடுகிறவர் இல்லை. முதலில் வந்த அதிகாரிகள் ஏன் இன்னும் துணிந்து முன்னேறவில்லை என்று போலிஸ் தரப்பைக் குடைந்து குடைந்து கேட்டார். போலிஸ் ஆணையர் இங் ஜூ ஹீ, தனக்கு இன்னும் ஆயிரம் அதிகாரிகள் வேண்டும் என்றார். லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங் வட்டாரம்தான் தனக்கு அதிகக் கவலை தருகிறது என்று ஒரு போடு போட்டார். அது அன்று பெரிய செய்தி.

ஜூன் 30இல் அறிக்கை வெளியானது. விபத்தும் அது கிளப்பிய தவறான புரிதலும் கலவரத்தைத் தூண்டின, கூட்ட மனநிலையும் தெருநீதிப் பழக்கமும் அதை வளர்த்தன, மது எரியவைத்தது என்பது அதன் முடிவு. வேலைச் சூழலும் சம்பளமும் மோசமாக நடத்தப்பட்டதும் காரணமா என்றால், இல்லை என்றது குழு. சிங்கப்பூரில் வேலை பிடித்திருக்கிறது, திரும்பி வர ஆசை என்று தொழிலாளர்கள் பலர் சொன்னதை அது ஆதாரமாகக் கொண்டது. விளக்குகளும் கண்காணிப்புக் கேமராக்களும் அதிகமாகட்டும், படைபலம் கூடட்டும், தொழிலாளர்களுக்கு வேறு இடங்களில் வசதிகள் வரட்டும், பொது இடக் குடி கட்டுப்படட்டும் என்றெல்லாம் எட்டுப் பரிந்துரைகள்.

இந்த அறிக்கையை இளக்காரமாகத் தள்ளிவிடுவது நியாயமில்லை. அன்றிரவு கைதானவர்களில் யாரும் சம்பளக் கோரிக்கை முழக்கம் போடவில்லை. ஆனாலும் வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் அந்தத் தொழிலாளி வேறென்ன சொல்லிவிடுவார்? அன்றைய கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 18, 20 வெள்ளி அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம் செய்தால் கூடும். வருவதற்கு முன் ஏஜெண்டுக்குக் கொடுத்தது பல ஆயிரம் வெள்ளி. ஊரில் நிலத்தை அடகு வைத்தோ கந்துவட்டிக்கோ வாங்கியது. முதல் ஓராண்டு அந்தக் கடனுக்கே. ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி அரசிடம் 5,000 வெள்ளிப் பிணைப்பத்திரம் கட்டியிருக்கிறார். ஆள் ஓடிப்போனால் அது பறிபோகலாம் என்பதால் அவரும் இறுக்கிப் பிடிக்கிறார். முதலாளி நினைத்தால் வேலை அனுமதியை ரத்துசெய்யலாம். அப்படி ரத்தான தொழிலாளி கடனோடு விமானம் ஏற வேண்டியதுதான். வேலைக்குப் போவது லாரியின் பின்னால், வருவதும் அப்படியே. இந்த நிலையில் இருப்பவரிடம் குறை உண்டா என்று கேட்டு, இல்லை என்று வாங்கிய பதிலைக் குறையே இல்லை என்று படிக்கக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும்.

எனக்குப் படுவது இதுதான். நீதிமன்றத்தில் தனிமனிதனைத் துளிகூடக் காப்பாற்றாத மது, விசாரணைக் குழுவின் அறிக்கையில் ஓர் ஏற்பாட்டையே காப்பாற்றிவிட்டது. குற்றவாளிக் கூண்டில் நின்றவனிடம் குடியைக் காரணம் காட்டாதே என்று சொன்ன அதே நாடு, ஏன் இப்படி ஆயிற்று என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டபோது குடியைக் காரணம் காட்டியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று வழக்கறிஞர்கள் விளக்குவார்கள். குற்றப்பொறுப்பு வேறு, சமூகக் காரணம் வேறு. இருக்கட்டும். இரண்டு இடத்திலும் விடுபட்டது மட்டும் ஒன்றே. குடிப்பதற்கு முன்னால் இருந்த ஆறு நாள்கள்.

இப்போது கள்ளுக்கடைக்குப் போகலாம்.

மலாயாவில் ரப்பர் வந்த நாளிலிருந்து தமிழ்த் தொழிலாளிக்குக் கள் கூடவே வந்தது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. காலையில் இறக்கிய கள் பகலில் புளித்து, சாயங்காலம் பால்மரம் வெட்டி முடித்தவன் கைக்கு வரும். கங்காணி கணக்கெழுதுவார், தோட்டத்து எழுத்தரான கிராணி மேற்பார்வை, துரை கண்டுகொள்ளமாட்டார். கூலியாகக் கொடுத்த காசில் ஒரு பங்கு அன்று மாலையே தோட்டத்துக்குத் திரும்பிவிடும். லாபத்தை என்ன செய்தார்கள்? தொழிலாளர் நலன் என்ற பெயரில் கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் செலவழித்தார்கள். குடித்தவன் காசில் மாரியம்மனுக்குத் தேர். கள்ளில் சத்து இருக்கிறது, அதை நிறுத்தினால் இவர்கள் கள்ளச்சாராயச் சம்சுவுக்குப் போய்க் கண்ணைக் கெடுத்துக்கொள்வார்கள் என்று வெள்ளை அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். அதில் பாதி உண்மையும் இருந்தது. சம்சு குடித்துச் செத்தவர்கள் உண்டு. நகரங்களில் அரசாங்கமே கள்ளுக்கடை நடத்தியது, சிங்கப்பூரிலும் அப்படித்தான். கலால் இலாகாவின் கணக்கில் அது வருமானம்.

இதை எதிர்த்தவர்கள் யார்? தமிழர்களேதான். 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் சாதி, மூடப்பழக்கம், குடி மூன்றையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தன. அதில் கொஞ்சம் மேட்டிமைத்தனமும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டாம். படித்த, கடை வைத்திருந்த தமிழனுக்குத் தெருவில் விழுந்துகிடந்த கூலித் தமிழன் ஒரு மானக்கேடாக இருந்தான். சீனர்களும் மலாய்க்காரர்களும் நம்மை இப்படித்தானே பார்ப்பார்கள் என்ற கூச்சம் அந்தக் காலத்துக் குடி எதிர்ப்பில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2013 டிசம்பர் 9 காலையில் உள்ளூர்த் தமிழர்கள் பலரிடமும் அதே கூச்சத்தைக் கண்டேன். நாங்க வேற, அவங்க வேற என்று சொல்லத் துடித்தவர்கள் எத்தனை பேர்! சீனச் சக ஊழியர்கள் கேட்பதற்கு முன்னாலேயே பதிலைத் தயார் செய்துகொண்டு அலுவலகம் போனார்கள்.

ஆனால் கூலித் தமிழனே குடியை எதிர்த்து எழுந்த ஒரு நேரமும் உண்டு. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்றவர் ஆர்.எச். நாதன். அவர்கள் கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் ஒரு முழு வாழ்க்கை தெரியும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பெண்களிடம் துரைகள் அத்துமீறுவதை நிறுத்து. கொடுமைக்காரக் கிராணிகளை மாற்று. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நோய்க்கு மருந்து. வெள்ளைக்காரன் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிடு. காந்தித் தொப்பி போட விடு. கூடவே, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு.

கூலியோடும் மானத்தோடும் ஒரே பட்டியலில் கள்ளுக்கடையை வைத்தார்கள் அவர்கள். பதில் எப்படி வந்தது? நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை, இந்தியப் பட்டாளம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். இன்னும் பலரைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். போர் முடிந்து 1947இல் கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் தோட்டத்து இளைஞர்கள், சிலர் நேதாஜியின் படையில் பயிற்சி பெற்றவர்கள், கள்ளுக்கடை மறியல் செய்தபோதும் போலிஸ் தடியும் துப்பாக்கியும்தான் பதில் சொன்னது.

தொழிலாளி மூடச் சொன்னபோது அரசு கடையைத் திறந்துவைத்தது. 2013இல் தொழிலாளியைக் கேட்காமல் அரசு மூடியது. நடுவில் அந்தத் தொழிலாளியின் சொந்த ஊரிலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. 1983இல் உருவான தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், நம் எல்லாருக்கும் தெரிந்த டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. புதுக்கோட்டையிலோ அரியலூரிலோ வேலை பழகிய வயதில் அரசாங்கக் கடையில் வரிசையில் நின்று வாங்கிய ஆள்தான் சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடையில் வாங்கினார். விற்பவர்கள் மாறியிருக்கிறார்கள். வாங்குபவர் அதே குடும்பம்.

கலவரத்துக்கு அடுத்த வார இறுதியிலேயே லிட்டில் இந்தியாவில் மதுவுக்குத் தடை வந்தது. 2014 பிப்ரவரியில் தற்காலிகச் சட்டம். பிறகு 2015 ஜனவரி 30இல் நாடாளுமன்றம் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏப்ரல் 1 முதல் தீவு முழுக்க இரவு பத்தரை மணி முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது, கடையில் வாங்கிப்போகவும் முடியாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மட்டும் சிறப்புக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை ஏழிலிருந்து திங்கள் காலை ஏழு வரை பொது இடத்தில் மூச்சே விடக்கூடாது. தண்டனையும் அங்கே கூடுதல்.

சட்டத்தின் வரிகளில் இந்தியர் என்றோ தொழிலாளி என்றோ எங்கும் இல்லை. யாருக்கும் பொருந்தும். ஆனால் பொது இடத்தில் குடிப்பவர் யார் என்று பார்த்தால் சட்டம் யாரைத் தொடுகிறது என்று புரியும். கிளார்க் கீயில் மதுக்கூடம் வைத்திருப்பவருக்கு உரிமம் உண்டு. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து நள்ளிரவு தாண்டிக் குடிக்கலாம். அதே பீரைக் கடைவிலையைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து ரீட் பாலத்தில் இளைஞர்களும் வெள்ளைக்காரர்களும் படிக்கட்டில் உட்கார்ந்து டின்னைத் திறந்தது நகரத்துக்கே தெரிந்த காட்சி. அங்கும் பத்தரைக்குப் பிறகு தடை வந்தது உண்மை. வார இறுதி முழுவதும் தடை அங்கே வரவில்லை. கூரையும் கட்டணமும் இருந்தால் குடி பொழுதுபோக்கு, புல்தரையில் உட்கார்ந்தால் ஒழுங்குப் பிரச்சினை. வாடகைக்கு அறை எடுக்க முடியாதவனின் வரவேற்பறையே தெருதான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறியாதவர்கள் இல்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தேக்காவில் குடியிருப்பவர்களும் வாக்காளர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு மின்தூக்கியில் வாந்தி, மாடிப்படியில் சிறுநீர், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக அச்சம் என்று பல ஆண்டுகளாக நகர மன்றத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தமிழரும் உண்டு. சட்டம் வந்த பிறகு கீழ்த்தளங்கள் சுத்தமாயின. மதுக்கடைகளும் உணவுக்கடைகளும் வியாபாரம் விழுந்ததென்று புலம்பின. குடியிருப்பாளர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

குடிநோய் என்ற சொல் இந்த விவாதங்கள் எதிலும் வரவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அன்றிரவு குடித்திருந்தவர்களில் எத்தனை பேர் ஞாயிறு மட்டும் குடிப்பவர்கள், எத்தனை பேர் விட முடியாமல் தவிப்பவர்கள்? யாரும் கேட்கவில்லை. சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மனநலக் கழகத்தில் குடி, போதைப் பழக்கத்துக்கு நல்ல சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆனால் வேலை அனுமதியில் இருப்பவருக்கு அரசு மருத்துவ மானியம் கிடையாது. முதலாளியிடம் போய், ஐயா, என்னால் குடியை விடமுடியவில்லை, சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்று சொல்பவருக்கு முதலில் கிடைப்பது விமான டிக்கெட்தான். அதனால் யாரும் சொல்வதில்லை.

குடிநோய் ஒருவருடைய குற்றப்பொறுப்பைக் குறைக்குமா என்ற கேள்வி வேறொரு வழக்கில் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குள் வந்தது, அதுவும் ஒரு தமிழரின் பெயரில். ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம், 2009 ஏப்ரலில் 42.72 கிராம் டயமார்ஃபின் போதைப்பொருளைத் தொடையில் கட்டிக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டவர். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று உலகம் முழுக்கச் செய்தியானது. அதிகம் பேசப்படாதது, அவருக்குக் கடுமையான குடிப்பழக்க நோயும் இருந்தது என்று அவர் தரப்பு மனநல மருத்துவர் சொன்னது. இவை சேர்ந்து மனநிலையைப் பாதித்தன என்பது வாதம். 2017இல் உயர் நீதிமன்றமும் 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. செய்வது என்னவென்று தெரிந்தே செய்தார் என்றன. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தூக்கு நிறைவேற்றப்பட்டது. ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்கும் அந்த வழக்குக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அதே கேள்வி, அதே கதவு.

2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சிறு விதி உண்டு. வெளிநாட்டு ஊழியர் விடுதிகளின் பொதுப்பகுதிகளும் பொது இடமாகவே கொள்ளப்படும். அதாவது வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பியவர், தன் அறைக் கதவுக்கு வெளியே, சமையற்கூடத்துக்கு எதிரிலுள்ள சிமெண்ட் திண்ணையில் உட்கார்ந்து இரவு பத்தரைக்குமேல் ஒரு டின்னைத் திறந்தால் அதுவும் குற்றம். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் தன் கூடத்தில் விடிய விடியக் குடிக்கலாம். எட்டு, பன்னிரண்டு பேர் ஓர் அறையில் இருப்பவருக்குக் கூடம் எங்கே இருக்கிறது? சட்டமூலத்தைத் தாக்கல் செய்த அப்போதைய இரண்டாம் உள்துறை அமைச்சர் எஸ். ஈஸ்வரன், இது தொழிலாளர்களின் பாதுகாப்புக்காகத்தான் என்ற தொனியில் விளக்கினார். ஊருக்கு வெளியே விடுதிகளிலேயே கடை, திரையரங்கு, கிரிக்கெட் திடல் எல்லாம் அமைத்துக்கொடுத்தால் அவர்கள் லிட்டில் இந்தியாவுக்கு வரவேண்டிய தேவை குறையும் என்ற திட்டமும் அதே நேரத்தில் வேகமெடுத்தது. ஆயிரம் பேரோ அதற்கு மேலோ தங்கும் விடுதிகளுக்கென்று தனிச் சட்டம் 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அந்தப் பெரிய விடுதிகளின் கதவுகள் 2020 ஏப்ரலில் வெளியிலிருந்து மூடப்பட்டன. அது அடுத்த இதழில்.

(தொடரும்)